கண்ணை மூடினா ஈஎம்ஐ ஞாபகம் வருதா? – வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

அக்கா, ரெண்டு மாசமா போன்ல ஆப் போட்டு தியானம் பண்றேன். கண்ண மூடினதுமே ஈஎம்ஐ, ஆபீஸ் குரூப் மெசேஜ்னு வரிசை கட்டி வருது. எனக்கு இது செட் ஆகாதா?
– வாசகர், தாம்பரம்

ஆகும் தம்பி. மனசு ஓடுறது எல்லாருக்கும் உள்ளதுதான், அது ஓடிருச்சுன்னு தெரிஞ்சு திரும்ப மூச்சுக்கு வர்றீங்கல்ல, அந்த இடம்தான் பயிற்சியே. ஆப் நல்லாத்தான் பேசும், ஆனா நீங்க தோள இறுக்கிக்கிட்டு மூச்ச இழுத்துப் பிடிச்சு உக்காந்திருந்தா அதுக்கு எங்க தெரியப்போகுது? ஒருதடவையாவது ஆள்கிட்ட நேர்ல கத்துக்கங்க. உங்க பக்கத்துலயே திருமுடிவாக்கத்துல 'தம்ம சேது'ன்னு விபாசனா தியான மையம் இருக்கு. முதல் கோர்ஸ் 10 நாள், போன வாங்கி வச்சிருவாங்க, காலைல 4 மணிக்கே மணி அடிச்சிரும், கூட இருக்கறவங்ககிட்ட பேச்சே கிடையாது, ஆனா ஆசிரியர்கிட்ட பேசலாம், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் தனியா போய் 'இப்படி ஆகுது, என்ன பண்ண'ன்னு கேக்கலாம். கோர்ஸோட உசுரே அந்த அஞ்சு நிமிஷம்தான்னு நான் சொல்லுவேன். முதல் மூணு நாளும் மூச்ச கவனிக்கிற ஆனாபானா மட்டும்தான், நாலாம் நாள்தான் உடம்புல வர்ற உணர்வுகள கவனிக்கிற விபாசனாவே ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு சுமார் 10 மணி நேரம் உக்கார்ற இடத்துலயே மூணு நாள் மூச்சுக்கே போகுதுன்னா, நீங்க ராத்திரி பத்து நிமிஷம் உக்காந்துட்டு ஃபெயில்னு முடிவு பண்ணலாமா?

10 நாள் லீவெல்லாம் எங்க கம்பெனில கனவுல கூட கிடைக்காது. சின்னப் பையன் வேற இருக்கான். எனக்கெல்லாம் வழியே இல்லையா அக்கா?
– வாசகி, திருப்பூர்

இருக்கும்மா. உங்க ஏரியாவுல தியானம் சொல்லித் தர்ற மனவளக்கலை மன்றமோ அறிவுத்திருக்கோயிலோ இருக்கான்னு விசாரிங்க, உங்க பக்கம்லாம் நிறையவே இருக்கு, அவங்க பெரிய மையம் இருக்கற ஆழியாரும் ஒண்ணும் தூரம் இல்ல. இத ஆரம்பிச்ச வேதாத்திரி மகரிஷி 1911ல கூடுவாஞ்சேரில நெசவாளர் குடும்பத்துல பிறந்தவர், கல்யாணம் ஆகி சம்பாதிச்சு குடும்பம் நடத்தினவர், அதனால வேலைக்குப் போறவங்க வீட்டுல இருந்தே பண்ற மாதிரிதான் முறையே இருக்கும். முதல்ல ஆசிரியர் தொட்டுக்காட்டி ஆக்கினை தவம் சொல்லித் தருவாங்க, கவனம் புருவ மத்தில இருக்கும். சிலருக்கு அதுலயே தலை பாரமா, ஒரு மாதிரி அழுத்தமா ஆகும், அப்போ கவனத்த முதுகுத்தண்டோட அடியில இருக்கற மூலாதாரத்துக்கு இறக்குற சாந்தி தவம் பண்ணச் சொல்லுவாங்க. யூடியூப்ப பாத்து ஆக்கினைய மட்டும் பிடிச்சுக்கிட்டவங்க தலைபாரத்தோட சுத்துறது இதனாலதான், இறங்குற வழிய யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

உக்காந்தா தூக்கம் வருதே?
– வாசகர், மதுரை

அப்போ தூங்குங்க சார். உடம்புக்குத் தூக்கம் பாக்கி இருக்கு. அது தீந்தப்புறமும் வந்தா, சாப்பிட்ட உடனே உக்காராதீங்க, சுவத்துல சாயாதீங்க.

ஒருத்தர்கிட்ட தியானம் கத்துக்க 'பேசிக்' லெவல் கிளாஸ் போனேன், நல்லா இருந்துச்சு. இப்போ அட்வான்ஸ் லெவல்னு நாப்பதாயிரம் கேக்குறாரு, கட்டலாமா?
– வாசகர், கோவை

ஃபீஸ் வாங்குறதே தப்புன்னு சொல்ல மாட்டேன், வாடகை கரண்ட் பில்லு அவருக்கும் இருக்கும்ல. ஆனா விபாசனாவுல 10 நாள் சாப்பாடு தங்குறது எதுக்கும் காசு கிடையாது, கோர்ஸ முழுசா முடிச்சவங்க விருப்பப்பட்டாதான் நன்கொடையே வாங்குவாங்க, முடிக்காதவங்ககிட்ட வாங்கவும் மாட்டாங்க. அப்படி ஒண்ணு இருக்கும்போது நாப்பதாயிரத்துக்கு என்ன தர்றாருன்னு நீங்க கேக்கணும்ல? அவரே தினம் உக்கார்றாரா, யார்கிட்ட கத்துக்கிட்டாரு, உங்களுக்கு ஒரு சிக்கல்னா நேர்ல பதில் சொல்லுவாரா, இதெல்லாம் கேளுங்க. கேட்டதும் மூஞ்சி மாறுச்சுன்னா செருப்ப மாட்டிக்கிட்டு கிளம்பிருங்க.

மைக்ரேனுக்கு மாத்திரை எடுக்குறேன். தியானம் பண்ணா நிறுத்திடலாம்னு ஃப்ரெண்டு சொல்றா, நிஜமா அக்கா?
– வாசகி, திருச்சி

நிறுத்தாதீங்க. விபாசனாவ இந்தியாவுல பரப்பின கோயங்கா கதை தெரியுமா? பர்மாவுல பிறந்த வியாபாரி, மைக்ரேனுக்கு மார்ஃபின் ஊசி போடுற அளவுக்குப் போனவர். எத்தனையோ டாக்டர பாத்துட்டு ரங்கூன்ல ஊ பா கின்கிட்ட போனாரு. அந்த குரு சாமியார் கிடையாது, பர்மா கவர்மெண்டோட அக்கவுண்டன்ட் ஜெனரல், ஆபீஸ் வேலையோட சேத்து தியானமும் சொல்லிக் கொடுத்தவர். தலைவலிய போக்கிக்கத்தான்னா வராதீங்கன்னுட்டாரு! மனச சரி பண்றதுக்குன்னு ஒத்துக்கிட்டு 1955ல கோயங்கா உக்காந்தாரு, வலியும் போச்சு, 1969ல இந்தியா வந்து 2013ல சாகுற வரைக்கும் இதத்தான் சொல்லிக் கொடுத்தாரு. அவருக்குப் போச்சுங்கறதுக்காக உங்களுக்கும் போகும்னு அர்த்தம் இல்லம்மா. தினம் கொஞ்ச நேரம் உக்காருங்க, மாத்திரைய கூட்டுறது குறைக்கிறது டாக்டர்கிட்ட மட்டும். 10 நாள் கோர்ஸுக்கு அப்ளை பண்ணா ஃபார்ம்ல நோய், மருந்து, மனசு சம்பந்தமான ட்ரீட்மெண்ட் எல்லாம் கேப்பாங்க, இடம் கிடைக்காதோன்னு எதையும் மறைக்காம எழுதிருங்க, மாத்திரை ஸ்ட்ரிப்பையும் மறக்காம பைல வச்சுக்கங்க.