இறுக்க இறுக்க ஏன் கழல்கிறது?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். துரு தின்ற அடிச்சட்டத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தை மாற்றி, புது போல்ட் போட்டார்கள். இரண்டே வாரத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் 'கடக் கடக்' என்கிறது. ஏர் கன் வைத்து இரண்டு தடவை இறுக்கியும் நிற்கவில்லை. போல்ட்டையே வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார் பட்டறை போமன். செய்யலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. சூடு பட்டால் அந்த போல்ட்டின் பதமே போய்விடும். அடுத்த தடவை அதைக் கழற்றவும் முடியாது.

என் சந்தேகம் போல்ட் மேல் இல்லை, பெயிண்ட் மேல். துருவுக்குப் பயந்து சட்டம் முழுக்கத் தார் மாதிரிக் கறுப்புப் பூச்சை வழித்திருப்பார்கள். அதன்மேலேயே போல்ட்டைப் பூட்டியிருப்பார்கள். போல்ட் லேசாக இழுபட்டு நிற்பதால்தான் இரண்டு இரும்பும் ஒட்டி நிற்கின்றன. நடுவிலுள்ள பூச்சு மயிரிழை நசுங்கினாலும் அந்தப் பிடி விட்டுப்போகும். கழற்றி, இரும்பு இரும்போடு உட்காரும் இடத்தை மட்டும் சுரண்டச் சொல்லுங்கள். அங்கே மெல்லிய பிரைமர் போதும். கறுப்புப் பூச்சை இறுக்கிய பிறகு மேலே அடிக்கட்டும்.

கன் அடி வாங்கிய போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். 12 மில்லிமீட்டர் 8.8 ரக போல்ட்டுக்கு (8.8 என்பது அதன் வலுவைச் சொல்லும் எண்) இறுக்கும் முறுக்கு விசை சுமார் 80 நியூட்டன் மீட்டர் போதும் (உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி). கன் சில நூறை நொடியில் கொடுத்துவிடும். போல்ட் நீண்டுவிட்டால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் வைத்து, இரண்டு மூன்று சுற்றாக, எதிரெதிர் போல்ட்டாக இறுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ரப்பர் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) வழியாகப் போகும் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பரைப் பிடித்துவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சில மாதத்தில் கிழியும். முதலில் கையால் பூட்டி, சக்கரத்தில் பாரம் இறக்கி, வண்டியை நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் கடைசி இறுக்கு. தரையில் படுத்து வேலை செய்யப் பிடிக்காமல் இதைத் தட்டிக் கழிப்பார்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

போல்ட்டை நீங்களே வாங்குங்கள். "நானே வாங்கித் தர்றேன், ஒரிஜினல்" என்று வரும் ஆள், கிலோ கணக்கில் வாங்கியதைப் பொட்டலம் கட்டித் தருவார். அப்படி ஒரு பொட்டலத்தில் நானே மாட்டினேன்: 60 நியூட்டன் மீட்டர் தாண்டுமுன் தலை முறிந்து என் கையோடு வந்தது. தலையில் 8.8 மட்டும் போதாது, தயாரித்தவரின் குறியும் இருக்க வேண்டும். வண்டித் தகுதிச் சோதனையில் வண்டியை 'பாஸ் பண்ணித் தரும்' ஆட்களும் இதே கூட்டம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை என்கிறார்கள். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பளபளவென்ற கறுப்புப் பூச்சுதான் தெரியும். உள்ளே போல்ட் பிடித்திருக்கிறதா என்று அது சொல்லுமா? இருபது பிள்ளைகள் ஏறுகிற வண்டி!

இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து சட்டம் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் மறுபடி இறுக்கச் சொல்லாதீர்கள். கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.