நன்றாக வாசித்துத் தேய்ந்த பழைய பேஸ் கிட்டாரை விற்பது எப்படி? பெயின்ட் அடித்துப் புதிது போலாக்கினால் கூடுதல் விலை கிடைக்குமா?

பெயின்ட் அடிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

என்ன பிராண்டு, எந்த வருடம் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் நான் விற்றுக் கொடுத்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். என் சித்தப்பா சென்னை மெல்லிசைக் குழுக்களில் பல வருடம் பேஸ் வாசித்தவர். அவரிடம் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி செய்த 1977-ஆம் வருட பிரிசிஷன் பேஸ் ஒன்று இருந்தது. கப்பலில் வேலை பார்த்த நண்பர் மூலம் வாங்கியது. விரல் மூட்டு வலியால் வாசிப்பதை நிறுத்தியதும் "நீயே பார்த்து வித்துக் கொடுடா" என்று என்னிடம் தந்துவிட்டார். நானும் பேஸ் வாசிப்பவன்தான், வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் நாலரைக் கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரக் கச்சேரிக்கு நிற்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது.

அதன் கோலத்தைக் கேளுங்கள். பின்பக்கம் முழுக்க பெல்ட் பக்கிள் கீறல். விளிம்பெல்லாம் பெயர்ந்து கிடந்தது. வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், கம்பி அழுத்திய பள்ளம் கண்ணுக்கே தெரிந்தது. வீட்டில் எல்லோரும் சொன்னது நீங்கள் கேட்பதைத்தான்: "ஒரு கோட் பெயின்ட் அடிச்சா பளபளன்னு ஆயிடுமே."

பழைய கருவி வாங்க வருபவர் பளபளப்புக்கு வருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். திரும்ப பெயின்ட் அடித்த பழைய ஃபெண்டர் ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும் என்பது வாங்கி விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கீறலுக்குக் குறைப்பது சொற்பம். அதிலும் கீறல் பார்த்தே வயதைக் கணிப்பவர்கள் இருக்கிறார்கள். 60-களின் கடைசி வரை ஃபெண்டர் உடம்புக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தார்கள், அது கை படப் படத் தேய்ந்து மரம் தெரியும். அதற்குப் பிறகு வந்த தடித்த பாலியெஸ்டர் பூச்சு லேசில் தேயாது; இடிபட்டால் முட்டை ஓடு மாதிரி சில்லு சில்லாகப் பெயரும். 77-ஆம் வருட பேஸில் கை வைக்கும் இடம் மட்டும் அழகாகத் தேய்ந்திருந்தால், விவரம் தெரிந்தவருக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததோ என்றுதான் தோன்றும்.

சுத்தம் செய்யலாம், தப்பில்லை. லேசாக ஈரம் செய்த துணியால் துடையுங்கள். ஃப்ரெட் பதித்த பலகையான ஃப்ரெட் போர்டில் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும்.

அடுத்து வயது. "தாத்தா காலத்து கிட்டார்" என்று விளம்பரம் போட்டால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். 1976-லிருந்து ஃபெண்டர் சீரியல் எண் கிட்டாரின் தலைப்பகுதியில் வந்தது. எஸ்7 என்று தொடங்கினால் சுமாராக 1977. ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, உடம்போடு சேர்க்கும் இரும்புத் தகட்டில் எண் இருக்கும். தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிவிடலாம் என்பதால் அதை மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள். நம்புவது உள்ளே இருக்கும் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட் என்ற பாகங்களின் முதுகில் அச்சடித்த எண்ணை. எங்கள் பேஸின் முன்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது 1377640 என்று இருந்தது. 137 என்பது பாட் செய்த சிடிஎஸ் கம்பெனியின் குறியீடு, 76 வருடம், 40 வாரம். 76 அக்டோபர் வாக்கில் செய்த பாட், 77-இல் கிட்டாருக்குள் போயிருக்கிறது. கணக்கு சரியாக வந்தது. அந்த இடத்தை நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போட்டேன். முழுக் கிட்டாரின் படத்தைவிட அதைப் பார்த்துத்தான் அதிகம் பேர் அழைத்தார்கள். பழைய சால்டரிங் கலையாமல் இருந்தால் அதையும் படத்தில் காட்டுங்கள். எதையும் சுரண்ட வேண்டாம்.

ஃபெண்டர் என்றாலே கோடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லியோ ஃபெண்டர் 1965 தொடக்கத்தில் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்புக் கம்பெனிக்கு விற்றார். பெரிய விலை போவது அதற்கு முந்தையவை. 70-களில் செய்ததை ஒரு காலத்தில் கனம், தரம் சுமார் என்று ஒதுக்கினார்கள். இப்போது அவற்றுக்கும் ஆள் இருக்கிறது. உங்களுடையது 80-களின் தொடக்கத்து ஜப்பான் ஃபெண்டரோ பழைய யமஹா பிபி வரிசையோ என்றால் சந்தோஷப்படுங்கள், தேடி வாங்குவார்கள். கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டார் என்றால் பழையது என்பதற்காகத் தனி விலை எதிர்பார்க்காதீர்கள். நம்மில் பலர் கைப்பழகியது அதில்தான், அந்த மரியாதை வேறு.

வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "ட்ரஸ் ராடு இன்னும் திரும்புதா?" நெக்குக்குள் ஓடும் அந்தக் கம்பிதான் நெக் வளையாமல் பிடித்திருக்கிறது. அது கடைசி வரை முறுக்கப்பட்டு, நெக் இன்னும் வளைந்தே இருந்தால் கிட்டார் சுவரில் மாட்டத்தான் ஆகும். நீங்களே பார்க்கலாம்: தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கவலையில்லை. அந்தக் கால பிரிசிஷனில் ட்ரஸ் ராடு திருகு நெக்கின் அடிப்பக்கம், உடம்போடு சேரும் இடத்தில் இருக்கிறது. திருகிப் பார்க்க நெக்கைத் தளர்த்த வேண்டும். பழக்கமில்லை என்றால் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். நானே பார்க்கிறேன் என்று முறுக்கி உடைத்தால் விலையும் அதோடு போகும்.

கரகர சத்தத்துக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும், பாட்டை மாற்ற வேண்டாம். ஃப்ரெட்டை நான் தொடவில்லை. பள்ளத்தைப் படம் எடுத்து, "ரீஃப்ரெட் தேவைப்படலாம், அதற்கும் சேர்த்துத்தான் விலை" என்று எழுதிவிட்டேன். புதுக் கம்பி போடலாமா என்று சித்தப்பாவைக் கேட்டதற்குச் சிரித்தார். கம்பி கிடைக்காத காலத்தில் பழையதையே வெந்நீரில் கொதிக்க வைத்து அழுக்கெடுத்து மாட்டியவர் அவர். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால் தவிர மாற்றவே மாட்டார் என்பார்கள். ஆனாலும் விற்கும்போது புதுக் கம்பி போடுங்கள். வாசித்துப் பார்க்கிறவர் காதில் முதலில் விழுவது அதுதான்.

எதையாவது எப்போதோ மாற்றியிருந்தால் பழைய பாகத்தைத் தேடி எடுங்கள். சித்தப்பாவின் பேஸில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீ ஒன்று பிறகு மாற்றியது. பழைய கீ, பல் தேய்ந்து போனது, கேஸின் சின்னப் பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. வாங்கியவர் கிட்டாரைப் பார்த்ததைவிட அதைப் பார்த்துத்தான் முகம் மலர்ந்தார்.

விலை வைக்க, இணையத்தில் மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பதற்கு என்ன, யாரும் எதையும் கேட்கலாம். இசைக்கருவிகள் வாங்கி விற்கும் ரெவெர்ப் மாதிரி தளங்களில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். நம் ஊரில் வாங்கும் ஆள் குறைவு என்பதால் அதிலிருந்து கொஞ்சம் கீழே வரத்தான் வேண்டும். எங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் பாதி விலைக்குத்தான் கேட்டார்கள். வந்தவர் எல்லோரும் முதலில் வாசித்தது ராஜா பேஸ் லைன் என்பது வேறு விஷயம். கடைசியில் பெங்களூருவிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் ஆம்ப்பில் மாட்டி அரை மணி நேரம் வாசித்துவிட்டு, பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். வாசிக்கிறவர் கைக்குப் போக வேண்டும் என்பது சித்தப்பாவின் ஒரே நிபந்தனை, அதுவும் நடந்தது.

செகண்ட் ஹேண்ட் தளத்தில் போட்டால், பார்க்காமலே "ஓகே சார், நான் ராணுவத்தில் இருக்கேன், கியூஆர் கோடு அனுப்பறேன்" என்று ஒருவன் நிச்சயம் வருவான். பணம் வாங்க ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. அப்படிச் சொன்னாலே பிளாக் செய்யுங்கள்.

வெளியூருக்கு அனுப்ப வேண்டி வந்தால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, கேஸுக்குள் தலைப்பகுதி ஆடாமல் துணி அடைத்து, கேஸையே ஒரு அட்டைப் பெட்டியில் வையுங்கள். வெளிநாட்டுக்கு என்றால் மரம் என்ன என்று பாருங்கள். 60-களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் ஃப்ரெட் போர்டில் பிரேசில் ரோஸ்வுட் போட்டது. அதற்கு சைட்ஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அப்புறம் மாறியது இந்திய ரோஸ்வுட்டுக்கு, நம் ஈட்டி மரம். 2019 கடைசியிலிருந்து அதில் செய்த இசைக்கருவிகளுக்கு சைட்ஸில் விலக்கு உண்டு. ஆனாலும் சுங்கத்தில் கேட்டுக்கொண்டே அனுப்புங்கள்.

கை மாறும்போது வெள்ளைத் தாளில் சீரியல் எண், மாற்றிய பாகங்கள், தொகை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் விற்கும்போது அந்தத் தாளையும் கேட்பார்கள்.