மூன்று மில்லிமீட்டரைக் கண்ணால் அளக்கிற பையன்

சென்ற புதன்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனையும் தம் தம்பியையும் அழைத்துக்கொண்டு, மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் சொல்லி வைத்திருக்கிறோம், சனிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும், இவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்" என்று கண் கலங்கினார். நான்கு ஆண்டுக்கும் விடுதியோடு சேர்த்து ஒன்பது லட்சம் ஆகுமாம். பாதிக்கு நகையை அடகு வைப்பது, மீதிக்கு வங்கிக் கடன் என்று தாய்மாமாவே கணக்குப் போட்டிருந்தார். அன்று நான் சொன்னதை வீட்டுப் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக எழுத்திலும் தருகிறேன்.

அம்மா, முதலில் நானும் உங்களுக்கு ஆறுதல்தான் சொல்லத் தொடங்கினேன். பிறகு உங்கள் மகன் செய்த ஒரு காரியத்தைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டேன். என் அறையில் கோப்புகள் வைக்கும் பிளைவுட் அலமாரியின் வலக்கதவு இடக்கதவைவிடச் சற்றுத் தாழ்ந்து, இரண்டும் உரசிக்கொண்டிருந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அவன் கவனித்தான். "சரிசெய்யட்டுமா?" என்று கேட்டுவிட்டு, திருப்புளியைத் தேடாமல், ஒரு சணல் கயிற்றை எடுத்து அலமாரியின் முகப்பில் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தான். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லை. தரை வலது முன்மூலையில் இறங்கியிருக்கிறது, பெட்டிதான் சாய்ந்திருக்கிறது, கதவில் குற்றமில்லை என்று சொல்லி, மடித்த அட்டையை வலது முன்காலுக்கு அடியில் செருகினான். கீலைத் தொடாமலேயே கதவு நேராகிவிட்டது. கணிதத்தில் 58 மதிப்பெண் வாங்கிய பையன் என்று நீங்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் இது நடந்தது.

பொறியியல், கலைக் கல்லூரி, போட்டித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல உறவினர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். மாடுலர் கிச்சன் பொருத்துநர், அதாவது அளவெடுத்துச் செய்த அலமாரிப் பெட்டிகளையும் கதவுகளையும் சமையலறையில் பொருத்துகிறவர், என்ற தொழில் அது.

சமையலறை அலமாரிக் கதவைத் தொழிலில் இருப்பவர்கள் ஷட்டர் என்பார்கள். அதைப் பெட்டியோடு இணைப்பது ஆட்டோ ஹிஞ்ச் என்று கடைகளில் கேட்டு வாங்கும் உள்மறை கீல். ஷட்டரின் உட்புறத்தில் 35 மி.மீ. விட்டமுள்ள குழியை, 18 மி.மீ. பலகையின் மறுபக்கம் பொத்துக்கொள்ளாதபடி, 12 அல்லது 13 மி.மீ. ஆழத்தோடு நிறுத்த வேண்டும். குழியின் ஓரத்துக்கும் ஷட்டரின் ஓரத்துக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. விட வேண்டும். பெட்டியின் பக்கப்பலகையில் கீல்தட்டுக்கான துளைகள் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 32 மி.மீ. தூரத்தில் அமைய வேண்டும். ஷட்டர் பக்கப்பலகையை முழுவதும் மூடுகிறதா, இரண்டு ஷட்டர்கள் ஒரே பலகையைப் பாதிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றனவா, பெட்டிக்குள்ளேயே அடங்குகிறதா என்பதைப் பொறுத்துக் கீலின் வளைவு மாறும். கிராங்க் எனப்படும் அந்த வளைவு தவறான கீலை வாங்கிவிட்டால், பிறகு எத்தனை முறை திருகினாலும் கதவு உட்காராது.

பொருத்திய பிறகுதான் உண்மையான வேலை. பெட்டிகள் அனைத்தும் ரசமட்டத்துக்கோ லேசர் கோட்டுக்கோ நின்ற பின்னரே ஷட்டரில் கை வைக்க வேண்டும். கீலில் ஒரு திருகு கதவை இடவலமாகவும், இன்னொன்று முன்பின்னாகவும் நகர்த்தும். தட்டில் உள்ள நீள்துளை மேல்கீழாக நகர்த்த இடம் தரும். கதவு சாய்ந்திருந்தால் மேல்கீலையும் கீழ்க்கீலையும் எதிரெதிர்த் திசையில் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி நிமிர்த்த வேண்டும். ஆறு ஷட்டர்கள் உள்ள வரிசையில் ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தவறினால் கடைசிக் கதவு 3 மி.மீ. தள்ளிப்போய்ச் சுவர் டைலில் இடிக்கும்.

இன்னொன்றும் நம் ஊரில் உண்டு. கடப்பா கல்லை நிறுத்திக் கட்டிய பழைய சமையல் மேடைகளுக்குக் கதவு வைக்கும்போது எந்த இரண்டு திறப்பும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, கல்லில் மரச்சட்டம் பிடித்து, அந்தச் சட்டத்தைத் தூக்குக்குண்டுக்கு நேராக்கிய பிறகே கீல். ஆலையில் வெட்டித் தரும் இயந்திரங்கள் எத்தனை வந்தாலும், சாய்ந்த சுவருக்கு முன்னால் நின்று முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் மகன் அந்த ஆளாக வர முடியும் என்று நம்புகிறேன்.

இதற்கான வழி அரசு ஐ.டி.ஐ.யில் ஓராண்டு மரவேலைத் தொழிற்பிரிவு. கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். பிறகு, 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஊக்கத்தொகை தரும் தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்) இடம் தேட வேண்டும். நன்றாக ஊன்றியபின் பெங்களூருவில் உள்ள மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் உயர்நிலை மரவேலைப் பயிற்சி மையத்தையும் போய்ப் பார்க்கலாம். "இன்டீரியர் டிப்ளமோ" என்று லட்சங்களில் கேட்கும் தனியார் இடங்களுக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பணத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். கல்விக் கடனில், படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். விருப்பமில்லாத பாடத்தில் அரியர் சேர்ந்து படிப்பு இழுத்தால், அடகில் உள்ள நகை மீளாது. அதைத் தாய்மாமா மீட்டுத் தரப்போவதில்லை. "ஆசாரி வேலைக்கு அனுப்பினால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று அவர் கேட்டது எனக்கு வேதனையாக இருந்தது. ஒரு கைத்தொழிலைச் சாதியோடு சேர்த்துத் தாழ்த்துகிற அந்தப் பேச்சை அவன் காதில் விழும்படி இனி யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கஷ்டங்களையும் மறைக்கவில்லை. மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகமூடி கட்டாயம், எடை தூக்க வேண்டும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கூலி குறைவு, வீட்டுக்காரர் கடைசித் தவணையை இழுத்தடிப்பதும் உண்டு. அதனால் சனிக்கிழமை அட்வான்ஸ் கட்டாமல், அவனை இரண்டு வாரம் உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் சம்பளமில்லாமல் நிற்க வையுங்கள். தூளும் சத்தமும் பிடிக்கவில்லை என்று அவனே சொன்னால், கணிதமும் இயற்பியலும் படித்தவன் என்பதால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு இருக்கிறது, அதைப் பேசுவோம். பிடித்திருந்தால் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றோடு வாருங்கள், ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை இங்கேயே நிரப்பிவிடலாம். அன்று அவன் தனியாகப் பேச அரைமணி நேரம் ஒதுக்கி வைக்கிறேன்.