ஐசியூவில் முதல் டியூட்டி: புது நர்ஸ்களின் பயங்களுக்கு மதுரை சிஸ்டர் ஒருவரின் பதில்கள்

மதுரையில் 22 வருடமாக ஐசியூவிலும் காஷுவாலிட்டியிலும் வேலை பார்க்கிறேன். வேலையில் சேரப்போகிற தங்கைகளும் தம்பிகளும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

அக்கா, திங்கட்கிழமை ஐசியூவில் சேர்கிறேன். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. (திருமங்கலம்)

அலாரம் அடித்ததும் புதுசாக வருகிற எல்லாரும் மிஷினைத்தான் பார்ப்பார்கள். நீ நோயாளியைப் பாரம்மா. நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், எவ்வளவு? அப்புறம் வாயிலிருந்து மிஷின் வரைக்கும் டியூபைக் கையால் தடவிக்கொண்டே போ. மடங்கியிருக்கும், தண்ணீர் தேங்கியிருக்கும், இல்லையென்றால் கழன்றிருக்கும். சளி அடைத்திருந்தால் அதை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடு. ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் வேண்டாம். எதுவும் பிடிபடவில்லை, நோயாளி திணறுகிறார் என்றால் மிஷினைக் கழற்றிவிட்டு ஆக்சிஜன் மாட்டிய அம்பு பேக்கால், அதாவது கையால் அமுக்குகிற பையால், மூச்சுக் கொடுத்துக்கொண்டே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு.

அந்த அம்பு பேக் தலைமாட்டில் இருக்கிறதா என்று டியூட்டி ஏறும்போதே பார்த்திருக்க வேண்டும். நான் இன்றைக்கும் கையெழுத்துப் போட்டதும் கட்டிலைச் சுற்றி ஒரு நடை வருவேன். அம்பு, ஆக்சிஜன், சக்‌ஷன் இழுக்கிறதா, ஐவி போட்ட கை வீங்கியிருக்கிறதா, பம்ப் எந்த ரேட்டில் ஓடுகிறது. ஐந்து நிமிடம்தான். நடுக்கம் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, சிஸ்டர். (மேலூர்)

நான் அந்த விளிம்பு வரைக்கும் போயிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஊசியை ஏற்றிக்கொண்டு போய், "நீங்கதானே இன்னார்?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டேன். "ஆமா" என்றார். கையைப் பிடித்த பிறகுதான், "எனக்கு இந்த நேரத்துல ஊசி கிடையாதே தாயி" என்றார். அன்றிலிருந்து பெயரை நானாகச் சொல்லிக் கேட்பதே இல்லை. "உங்க பேரு என்னங்கய்யா?" என்று அவர் வாயால் வரவழைத்து, அட்மிஷன் போடும்போது கொடுத்த ஐபி நம்பரையும் ஒத்துப் பார்ப்பேன்.

பொட்டாசியம் குளோரைடை ஒருநாளும் அப்படியே நரம்பில் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும். டிரிப்பில் நன்றாகக் கலந்து மெதுவாகத்தான் போக வேண்டும். டிரிப் கணக்கில் தடுமாறுகிறாயா? சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி 8 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. சந்தேகம் வந்தால் பக்கத்து சிஸ்டரைக் கேள். கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பொங்கலுக்குக் காஷுவாலிட்டியில் டியூட்டி போட்டிருக்கிறார்கள், அக்கா. மாடு குத்தி வருகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. (உசிலம்பட்டி)

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு நடக்கிற நாட்கள் தம்பி, மூச்சு விட நேரம் இருக்காது. கொம்புக் காயம் ஏமாற்றும். வெளியே ஒரு ரூபாய் அகலம்தான் தெரியும், உள்ளே கொம்பு எவ்வளவு தூரம் போய்த் திரும்பியதென்று தெரியாது. நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனால் பிபி நார்மலாக இருக்கிறதே என்று விட்டுவிடாதே, டாக்டரிடம் உடனே சொல். வென்ஃப்ளான், அதாவது ஐவி ஊசிக் குழாய், பிங்க் போடாதே, அது சன்னம். பெரிய துளையுள்ள பச்சையோ சாம்பலோ, இரண்டு கையிலும். போடும்போதே ரத்த வகை பார்க்கிற குரூப்பிங், ஏற்றும் ரத்தம் ஒத்துப்போகுமா என்று பார்க்கிற கிராஸ்மேட்ச் இரண்டுக்கும் ரத்தம் எடுத்துவிடு. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதே, சலைனில் நனைத்த ஸ்டெரைல் துணியால் மூடு. தண்ணீர் கேட்டுக் கெஞ்சுவார்கள், கொடுக்கக் கூடாது. சட்டையை வெட்டி எடுத்து, ஆள் சேர்த்து அலுங்காமல் புரட்டி முதுகையும் பார். டிடி ஊசியை மறக்காதே.

ஊசி என் கையில் குத்திவிட்டால்? (வாடிப்பட்டி)

சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவு, பிதுக்காதே. திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே சொல்லிவிடு. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிட்டாயா? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பி.

என் டியூட்டியில் யாராவது இறந்துபோனால் தாங்குவேனா, அக்கா? (சோழவந்தான்)

எனக்கு முதலில் இறந்தது ஒரு பாட்டி. முகத்தைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டினேன். நகையைக் கழற்றி மகளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தோடு ஒரு ஜோடி, மூக்குத்தி ஒன்று என்று நோட்டில் எழுதும்போது எழுத்தே கோணிக்கொண்டு போனது. மூக்குத்தித் திருகு கழலவில்லை. "நான் கழட்டுறேன் சிஸ்டர், எங்கம்மாவுக்கு வலிக்கும்" என்று அந்த மகள் வந்து கழற்றினார். நான் திரைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உனக்கும் அழுகை வரும், வரட்டும். அன்றைக்கு மட்டும் தனியாக ஹாஸ்டலுக்குப் போகாதே. கூட டியூட்டி பார்த்தவரை அழைத்துக்கொண்டு போய் ஒரு டீ குடி, நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டுப் போ.