மண்டூரில் வேன் எடுத்து ஓடினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: நாங்கள் மண்டூர். கணவர் கட்டாரில் இருந்து வந்து நிற்கிறார், திரும்பிப் போக விருப்பமில்லை. கையில் இருக்கிற காசைக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு 14 சீட் வேன் ஒன்று எடுத்து, காலையில் மட்டக்களப்பு டவுனுக்கும் பின்னேரம் திரும்பவும் ஆக்களை ஏற்றி ஓடலாம் என்கிறார். அவருடைய அண்ணா, வேன் வேண்டாம், ஆட்டோ எடு என்கிறார். இன்னொருவர், வேனை நாள் வாடகைக்கு ஒரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு நீ வயலைப் பார் என்கிறார். எது சரி? பெர்மிட் கட்டாயமா?

பதில்: வேன் எடுக்கலாம் சகோதரி. ஆனால் டவுனுக்கு ஓட வேண்டாம், நாள் வாடகைக்குக் கொடுக்கவே வேண்டாம், முதலில் ஆக்களைப் பிடியுங்கள், மறுகா வண்டியைப் பார்க்கலாம். இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் ஊரிலிருந்து எழுவான்கரைக்கு, அதாவது வாவியின் கிழக்குப் பக்கத்துக்கு, வர இரண்டு வழி. ஒன்று பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்குவது, மற்றது வெல்லாவெளி போய் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடி வருவது. களுவாஞ்சிகுடிக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியில் இபோச என்கிற அரசாங்க பஸ்ஸும் தனியாரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், அங்கே ஆக்களுக்கு பஸ் பஞ்சம் இல்லை, அந்த பஸ்களோடு போட்டி போட்டு 14 சீட்டை நிரப்பப் பார்த்தால் டீசல் காசுகூட மிஞ்சாது. பஞ்சம் இருப்பது மண்டூருக்கும் களுவாஞ்சிகுடிக்கும் நடுவில்தான். விடியக் கிளினிக் நம்பர் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதான ஆக்கள், ஏழு மணிக்கு முன்னம் கடை திறக்க வேண்டிய பிள்ளைகள், பின்னேர வகுப்பு முடிந்து இருட்டுகிற நேரத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டிய பொம்பிளைப் பிள்ளைகள், இவர்களுடைய நேரத்துக்கு பஸ் இல்லை. இருக்கிற பஸ்ஸும் பழுதாகி ஒரு நாள் வராவிட்டால் அடுத்த ஏற்பாடு யாரிடமும் இல்லை.

உலகத்தில் இந்த மாதிரிப் போக்குவரத்து வளர்ந்த இடமெல்லாம் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. கென்யாவில் நைரோபியின் மட்டாட்டு, பிலிப்பைன்ஸில் மணிலாவின் ஜீப்னி, நைஜீரியாவில் லாகோஸின் மஞ்சள் டன்ஃபோ என்கிற வேன், மினிபஸ் எல்லாமே அரசாங்க பஸ் போகாத இடத்துக்கும் நேரத்துக்கும் தனியாள் ஒருவர் ஒரு வண்டியோடு இறங்கியதால் வந்தவை. மணிலாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, இருக்கை போட்டு ஓடத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றில் வேலைக்குப் போகிற ஆக்களில் பெரும்பங்கை இவைதான் சுமக்கின்றன. நம்முடைய பக்கத்தில் ஆட்டோவும் வேனும் பட்டா என்கிற சின்ன லொறியும் செய்வது அதே வேலைதான், இதைச் செய்கிறவர்களை ஏதோ சட்டவிரோதக் கூட்டம் மாதிரிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் ஒரு கிழமை ஓடாமல் நின்றால் எத்தனை பேருடைய கூலி நிற்கும் என்று வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற ஆக்களிடம் கேட்டால் தெரியும்.

சரி, நாள் வாடகை ஏன் வேண்டாம்? இதைக் கவனமாக வாசியுங்கள், இந்தத் தொழிலில் நடக்கிற கெட்டதில் பெரும்பகுதி இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. சொந்தக்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, டீசலும் அடித்துவிட்டு, மிஞ்சுவதுதான் டிரைவருடைய சம்பளம் என்று வைத்தால், அவர் என்ன செய்வார்? வண்டி நிரம்பும்வரை அரை மணித்தியாலம் ஸ்டாண்டில் நிற்பார், ஏறி இருந்த ஆக்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருப்பார்கள். நிரம்பியதும் விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடுவார். 14 சீட்டில் 20 பேரை அடுக்குவார், முன்னால் போகிற வண்டியை முந்தி அடுத்த தரிப்பிடத்து ஆளைப் பறிப்பார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, நட்டம் முழுக்க அவர் தலையில் கிடக்கிறது என்பதால். கொலம்பியாவின் பொகோட்டாவில் பஸ்கள் இப்படி ஆளுக்காகப் போட்டி போட்டு ஓடியதைச் சில்லறைக் காசுச் சண்டை என்றே சொன்னார்கள், 2000ஆம் ஆண்டு அங்கே டிரான்ஸ்மிலேனியோ என்கிற விரைவு பஸ் சேவை தொடங்கியபோது பிரதான பாதை பஸ்களுக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் காசு என்று மாற்றித்தான் அந்த வீதிகளில் அதை அடக்கினார்கள். கென்யாவில் 2004இல் மட்டாட்டுகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சீட் பெல்ட்டும் கட்டாயமாக்கினார்கள், ஆனால் டிரைவர் நாளாந்தம் முதலாளிக்கு ஒரு தொகை கட்டுகிற முறை அப்படியே இருந்ததால் ஓட்டப்போட்டி ஓயவில்லை. உங்கள் வேனில் போகப்போவது உங்கள் ஊர்ப் பிள்ளைகள். கணவரே ஓட்டட்டும், முடியாவிட்டால் மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வையுங்கள்.

இனிக் கணக்கு. லீசிங் மாதம் 66,000 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். ஞாயிறு, போயா, பள்ளி லீவு எல்லாம் போக 22 நாள் ஓடினால், டீசல் அடிக்க முன்னமே நாளைக்கு 3,000 உழைக்க வேண்டும். இது நல்ல மாதம். மாரி வந்து வெள்ளம் வீதியை மூடி, பள்ளிக்கூடமும் விடுமுறையாகி 12 நாள்தான் ஓடினீர்கள் என்றால் அதே லீசிங்குக்கு நாளைக்கு 5,500. டயர், சேர்விஸ், இன்சூரன்ஸ் இதற்குள் இல்லை. நம்முடைய பக்கத்தில் மார்கழியில் தவணை கட்டாமல் வண்டி சீஸ் ஆவதற்கு, அதாவது கம்பனி வண்டியைத் தூக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான், டிரைவர் சோம்பேறி என்பது இல்லை. அதனால் கையில் இருக்கிற காசு முழுவதையும் முற்பணமாகக் கட்டாதீர்கள், மூன்று மாதத் தவணைக்கான காசு வங்கியில் தனியாகக் கிடக்கட்டும். அறுவடை முடிந்த மாதங்களிலும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில், மறுகா மண்டூர்த் திருவிழா என்று வாடகை ஓட்டம் (ஹயர்) வருகிற நாட்களிலும் கிடைப்பதில் ஒரு பங்கைத் திரும்ப அங்கேயே போடுங்கள்.

வண்டி விலையையும் பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வேனும் ஆட்டோவும் கண்டபடி விலை ஏறின, 2025இல் இறக்குமதியைத் திரும்பத் திறந்தார்கள். ஏறிய விலைக்கு ஐந்து வருட லீசிங்கில் மாட்டிக்கொண்டால், நடுவில் விற்று வெளியே வர நினைக்கும்போது வண்டியின் விலை மிச்சக் கடனைவிடக் குறைவாக நிற்கலாம். இன்னொன்று: 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்கள் போகிற வழியே மாறியது. குருமண்வெளியில் பாலம் வேண்டும் என்பது உங்கள் ஊரின் நீண்ட காலக் கோரிக்கை, அது நிறைவேறுகிற அன்று வெல்லாவெளி சுற்றி வருகிற ஆக்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதையும் யோசித்துத்தான் தவணைக் காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

அதனால்தான் ஆக்களை முதலில் பிடியுங்கள் என்றேன். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கணவரும் நீங்களும் வீடு வீடாகப் போங்கள். யார், எங்கிருந்து ஏறுவார், எங்கே இறங்க வேண்டும், எத்தனை மணிக்கு, கிழமையில் எத்தனை நாள், மாதம் எவ்வளவு தர முடியும். வருவேன் என்று சொல்கிறவர் எல்லோரும் வரமாட்டார், முதல் மாதக் காசைத் தரத் தயாரா என்று கேட்டால் உண்மையான ஆக்கள் தெரிந்துவிடுவார்கள். அப்படி ஒன்பது பத்துப் பேர் ஒரே நேரத்துக்கு உறுதியாக இருந்தால் வேன் சரி. நாலு பேர்தான் என்றால் அண்ணா சொன்ன ஆட்டோதான் சரி, அதிலும் சட்டப்படி மூன்று பேரைத்தான் ஏற்றலாம், பள்ளிப் பிள்ளைகளை ஆறு ஏழு என்று திணிப்பதை எல்லோரும் செய்கிறார்கள் என்று நீங்களும் செய்யாதீர்கள். பள்ளி விடுமுறை மாதத்துக்கு முழுக்காசா பாதிக்காசா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள், சண்டை எல்லாம் அங்கேதான் வரும்.

பெர்மிட் கட்டாயமா என்று கேட்டீர்கள். வழியில் கை காட்டுகிற ஆளை ஏற்றி ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினால் அது பயணிகள் சேவை, அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்யக் கூடாது. மாகாணத்துக்குள் ஓடுவதற்குக் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம் கேட்க வேண்டும், கல்முனை அம்பாறை மாவட்டமானாலும் அதே மாகாணம்தான். மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. பள்ளிப் பிள்ளைகளையோ வேலைக்குப் போகிற ஒரு குழுவையோ மாதக் காசுக்கு ஏற்றுவதாக இருந்தாலும் அதே சபையிலேயே விசாரித்து, என்ன பதிவு வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 14 சீட் வேனுக்குச் சாதாரண கார் லைசன்ஸ் போதாது, டி1 வகுப்பு வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஹயருக்கு ஓடுகிற வண்டி என்று சொல்லியே எடுங்கள். சொந்தப் பாவனை என்று குறைந்த காசுக்கு எடுத்துவிட்டு ஆக்களோடு விபத்துப்பட்டால் கம்பனி கைவிரிக்கும், அந்த நட்டஈட்டை ஒரு குடும்பம் தாங்காது.

ஒரு விசயத்தில் மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இபோச பஸ் காலையில் வருகிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வேனை விடாதீர்கள். அப்படி ஓடினால் முதல் இரண்டு மாதம் நல்ல காசு வரும், ஆனால் வருமானம் இல்லை என்று அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டால் சீசன் டிக்கெட்டில் போகிற பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லை, அவர்களால் உங்கள் மாதக் காசைக் கட்டவும் முடியாது. பஸ் இல்லாத நேரம் உங்களுடையதாக இருக்கட்டும்: விடிய ஐந்தரை, பின்னேரம் ஆறரை. பக்கத்து ஊர்களில் வேன் வைத்திருக்கிற இரண்டு மூன்று பேரோடு பேசி, ஒருவருடைய வண்டி பழுதானால் மற்றவர் அவருடைய ஆக்களை ஏற்றுவது என்று இணங்கிக்கொள்ளுங்கள். கென்யாவில் மட்டாட்டுச் சொந்தக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ கம்பனியாகவோ சேர்ந்தால்தான் லைசன்ஸ் என்று பின்னாளில் கொண்டுவந்தார்கள். இங்கே அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் 2022இல் டீசல் வரிசையில் நாள்கணக்காக நின்றவர்களுக்குத் தனியாளாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

லீசிங் பேப்பரில் கையெழுத்து வைக்க முன்னம் மூன்று கேள்வி கேளுங்கள், பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை தவணை தவறினால் வண்டியைத் தூக்குவீர்கள், பிந்தினால் நாளைக்கு எவ்வளவு வட்டி, இரண்டு வருடத்தில் முழுக்கடனையும் கட்டி முடிக்க நினைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும். எழுதித் தர மாட்டோம் என்றால் அடுத்த கம்பனிக்குப் போங்கள்.