ஸ்ட்ரோக் கிளைம் ரிஜெக்ட் ஆயிடுச்சா? புரோக்கர் கையில ஃபைலைக் கொடுக்காதீங்க

மன்னார்குடி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து அஞ்சு மாசம் ஆகுது, தஞ்சாவூர்ல வச்சுப் பார்த்தாங்க, வலது கை கால் இன்னும் முழுசா வரல. ஆறு வருஷமா விடாம கட்டுற கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி, 10 லட்சம். டிஸ்சார்ஜ் ஆகி நாலாவது வாரமே கிளைம் போட்டாங்க, "நிரந்தர பாதிப்புக்கு ஆதாரம் இல்லை, பிபி இருந்ததையும் மறைச்சுட்டீங்க"ன்னு லெட்டர் வந்துருச்சு. இப்ப ஒரு புரோக்கர், வர்ற பணத்துல 20 பர்சென்ட் கொடுத்தா வாங்கித் தரேங்கிறாராம், கொடுக்கலாமான்னு கேள்வி.

கொடுக்காதீங்க. பேப்பர் ஏதாச்சும் அவர்கிட்ட போயிருந்தா இன்னைக்கே திருப்பி வாங்குங்க.

இது மெடிகிளைம் மாதிரி பில்லைக் காட்டி வாங்குற காசு இல்ல. பாலிசியில எழுதியிருக்குற அளவுக்கு நோய் இருந்தா மொத்தமா ஒரு தொகை, இல்லன்னா ஒண்ணும் கிடையாது. ஸ்ட்ரோக்குக்கு ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்குற அரசு ஆணையம்) வச்சிருக்குற விளக்கப்படி நிரந்தர நரம்பு பாதிப்பு குறைஞ்சது 3 மாசம் நீடிச்சதுக்கு ஆதாரம் காட்டணும். நீங்க நாலாவது வாரத்துல போட்டா 3 மாசத்துக்கு ஆதாரம் எங்கேருந்து வரும்? இதை உங்க கிளைம் பேப்பரை வாங்கி வச்ச கம்பெனி ஆளே சொல்லியிருக்கலாம், சொல்ல மாட்டாங்க, ரிஜெக்ட் பண்றது அவங்களுக்கு சுலபம். இப்ப நியூராலஜிஸ்ட்கிட்ட திரும்பப் போய், எந்தக் கை எவ்வளவு தூக்க முடியுது, நடக்க ஆள் வேணுமா, பேச்சு எப்படின்னு தேதி போட்டு எழுதி வாங்குங்க. டாக்டர் நல்ல மனசுல "இம்ப்ரூவிங்"னு மட்டும் எழுதிடுவார், அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு கம்பெனி மறுபடி தொங்கும். அதோட ஸ்கேன் ரிப்போர்ட்டும் வேணும்.

அடுத்து பிபி. பெரும்பாலும் இது அட்மிஷன் அன்னைக்கு பதட்டத்துல கூட வந்தவங்க யாரோ "ரொம்ப வருஷமா இருக்கு"ன்னு சொல்ல, டூட்டி டாக்டர் அப்படியே கேஸ் ஷீட்ல எழுதினதா இருக்கும். எப்படி இருந்தாலும் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு. 2024-ல வந்த விதிப்படி இடைவெளி இல்லாம 60 மாசம் கட்டியாச்சுன்னா, மறைச்சுட்டீங்கன்னு காரணம் சொல்லி கிளைமை மறுக்க முடியாது, மோசடின்னு நிரூபிச்சா தவிர. ஆனா ஒண்ணு, நல்லா கவனிங்க. இந்த 10 லட்சம் முதல் நாள்லேருந்தே 10 லட்சமா? ஆறு வருஷம் முன்னாடி 5 லட்சம் எடுத்து, ரெண்டு வருஷம் முன்னாடி ஏஜென்ட் பேச்சைக் கேட்டு 10 ஆக்கியிருந்தா, பழைய 5-க்குத்தான் இந்தப் பாதுகாப்பு. ஏத்தின 5-க்கு ஏத்தின தேதியிலேருந்து தனியா 60 மாசம் எண்ணணும். பழைய ரினியூவல் பேப்பரை எடுத்து ஒவ்வொரு வருஷத் தொகையையும் பாருங்க, வாய்ல சொல்றதை நம்பாதீங்க.

"மோசடி"ன்னு சொன்னேன்ல, புரோக்கர் உங்களைக் கொண்டுபோய் விடுறது அங்கதான். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து, ஒரிஜினல் டிஸ்சார்ஜ் சம்மரி, தேதி போடாத செக் எல்லாம் வாங்குவான், அப்புறம் எவனோ டாக்டர் லெட்டர் பேட்ல ஒரு சர்டிபிகேட் ரெடி பண்ணி உள்ள தள்ளுவான். கம்பெனி ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி செக் பண்ணினா ஜெயிக்க வேண்டிய கேஸ் மோசடி கேஸாயிடும், கையெழுத்து உங்களுது, அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். ஐஆர்டிஏஐ-லேருந்து பேசுறோம், ஃபைல் மூவ் ஆக பணம் கட்டுங்கன்னு போன் வந்தாலும் கட் பண்ணிடுங்க.

வழி இதுதான். புது ரிப்போர்ட்டோட கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்க, பாலிசி எடுக்கும்போது நீங்க கையெழுத்து போட்ட ப்ரொபோசல் ஃபார்ம் காப்பியையும் கேளுங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ மறுபடி மறுத்தாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போங்க, இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு ஆர்டர் போடுறவர் அவர். கம்பெனி கடைசியா மறுத்த தேதியிலேருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். 50 லட்சம் வரைக்கும் பார்ப்பாங்க, பீஸ் கிடையாது, வக்கீலே கூடாது, அப்புறம் புரோக்கருக்கு அங்க என்ன வேலை? அங்க சாதகமா ஆர்டர் வந்தா கம்பெனி கட்டுப்பட்டுத்தான் ஆகணும், பாதகமா வந்தா உங்களுக்கு கன்ஸ்யூமர் கோர்ட் இருக்கு. வரிசையை மாத்தி கோர்ட்ல முதல்ல போட்டுட்டா ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

ஆறு வருஷம் கரெக்ட்டா காசு வாங்கினவனை விட்டுட்டு, படுத்துக் கிடக்குறவர் வீட்டு ஆளை இத்தனை படி ஏற விடுறாங்க. என்ன பண்றது, ஏறித்தான் ஆகணும். இந்த வாரம் நியூராலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டை மட்டும் வாங்கிடுங்க, லெட்டர் அதுக்கப்புறம் எழுதலாம்.