பழைய டேபிள்ஸ் புத்தகம் காலாவதியாகுமா?

கேள்வி: திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடையில் 1950-களில் அச்சான நோரீஸ் நாட்டிக்கல் டேபிள்ஸ் (கப்பலோட்டிகளின் கணக்கு அட்டவணைப் புத்தகம்) கிடைத்தது. அடிவானத்திலிருந்து சூரியன், நட்சத்திரங்களின் கோண உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கைவசம் உண்டு. இவற்றை வைத்து மெரினாவில் நான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுப் பழகலாமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: தாராளமாகப் பழகலாம். லாகும் (மடக்கை) ஹேவர்சைனும் (1-லிருந்து கோணத்தின் காஸைக் கழித்து, அதில் பாதி) எந்தக் காலத்திலும் மாறாது. ஆண்டுதோறும் மாறுவது, சூரியனும் நட்சத்திரங்களும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று சொல்லும் அல்மனாக்தான். அதை மட்டும் நடப்பு ஆண்டுக்கு வாங்குங்கள்.

மெரினாவில் கடல் கிழக்கே மட்டும்தான், ஆகவே காலைச் சூரியனே உங்களுக்கு வாகு. மே 20 வாக்கில் சூரியனின் டெக்லினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) 20° வடக்கு. சென்னையின் அட்சரேகையை 13° வடக்கு என்று வைப்போம். அல்மனாக் தரும் கிரீன்விச் அவர் ஆங்கிளோடு (கிரீன்விச் உச்சிக்கோட்டிலிருந்து மேற்கே சூரியன் இருக்கும் கோணம்) உங்கள் கிழக்குத் தீர்க்கரேகையைக் கூட்டினால் 320° வருகிறது, அதாவது சூரியன் உச்சிக்கோட்டுக்கு 40° கிழக்கே.

லாக் ஹேவர்சைன் 40° = 9.06810
லாக் காஸ் 13° = 9.98872
லாக் காஸ் 20° = 9.97299

கூட்டினால் 29.02981, இருபதைத் தள்ளினால் 9.02981. இதற்கு நேரான நேச்சுரல் ஹேவர்சைன் (லாக் எடுக்காத நேர் மதிப்பு) 0.10711. அட்சரேகைக்கும் டெக்லினேஷனுக்கும் வித்தியாசம் 7°, அதன் நேச்சுரல் ஹேவர்சைன் 0.00373. இரண்டும் சேர்ந்து 0.11084. திரும்பத் தேடினால் உச்சியிலிருந்து தூரம் 38° 53.5′, உயரம் 51° 06.5′. திருத்தம் செய்த உங்கள் செக்ஸ்டன்ட் உயரம் இதைவிட எத்தனை கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ′) கூடுதலோ, அத்தனை கடல் மைல் சூரியன் பக்கமாக, நீங்கள் எங்கோ நிற்கும் அந்த இருப்பிடக் கோடு நகரும்.

சறுக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில். லாகும் நேச்சுரலும் பக்கத்துப் பக்கத்து நிரல்கள். மங்கிய அச்சில் கண் தாவிவிடும், ஆகவே அடிக்கோல் வைத்துப் படியுங்கள். அடுத்து, செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே இருக்கும். அப்போது, மேலே 7° கிடைத்தது போல அட்சரேகையையும் டெக்லினேஷனையும் கழிக்காமல், இரண்டையும் கூட்ட வேண்டும். இதை மறந்தால் கோடு பல நூறு மைல் தள்ளிப் போகும். அது ஒரு வகையில் நல்லது, தவறு உடனே கண்ணில் பட்டுவிடுமே! மூன்றாவதுதான் நயவஞ்சகம்: கடிகாரம். 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகையில் 1′. நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழிக்கும்போது, அதிகாலை 5.30-க்கு முன் எடுத்த நட்சத்திரத்துக்குத் தேதியும் ஒன்று பின்னால் போகும்.

அந்தக் காலப் பதிப்பில் டிப் (கண் உயரத்தால் அடிவானம் தாழ்ந்து தெரிவதற்கான திருத்தம்) அட்டவணை அடிக்கணக்கில் இருக்கும். கண் உயரம் 2 மீட்டர் என்றால் 2-ல் தேடாதீர்கள், 6.6 அடியில் தேடுங்கள்; திருத்தம் சுமார் 2.5′.

கேள்வி: உச்சிவேளை உயரம் எடுத்து அட்சரேகை காண்பது சுலபம் என்கிறார்களே?
- அதே வாசகர்

பதில்: நடுக்கடலில் சுலபம். மெரினாவில் அந்நேரம் சூரியனுக்குக் கீழே இருப்பது கரை, அடிவானம் அல்ல. சென்னைக்கு நேரே கடலுக்குள் போனாலும் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். சூரியன் தலைக்கு நேரே ஏறும். சில நிமிடங்களுக்குள் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தாவிவிடுவதால் செக்ஸ்டன்டை எந்தத் திசை அடிவானத்துக்குப் பிடிப்பது என்பதே பிடிபடாது.